கூப்பிடுவது யார்? மெமோகிராமின் வரலாறும் நம்ம மலையும்

ஒக்டோபர் மாதம் வந்தால் எல்லாம் பிங்க் நிறமாகிவிடும். கண்டி டவுனில் பேனர், வங்கிகளில் ரிப்பன், போனைத் திறந்தால் "நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்" என்ற வாசகம். வாசகத்தில் பிழை ஒன்றும் இல்லை. இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். பெண்களிடம் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று அது. கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் சிகிச்சையும் லேசு, பிழைக்கிற வாய்ப்பும் அதிகம்.

ஆனா அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் கண்டுபிடித்தால்? ஏ.எல். தமிழ்ப் பாடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதுதான் இது. வெளியே தெரியாத அந்த எழுவாய் "நீ". நீ பார்க்கணும், நீ போகணும், நீ லேட்டாகிவிட்டால் அது உன் கவலையீனம். தோட்டத்தில் ஒருவருக்கு நோய் முற்றிய பிறகு தெரிய வந்தால், "படிப்பறிவு இல்ல, விழிப்புணர்வு இல்ல" என்று சொல்லி முடித்துவிடுவது இந்த இலக்கணத்தால்தான்.

மெமோகிராமின் நூறு வருஷக் கதையை வாசித்தால், அந்த எழுவாய் "நீ" இல்லை என்று புரியும். அது இயந்திரமும் இல்லை. யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், ஒன்று தென்பட்டால் கடைசி வரை கூடவே போனார். பலன் கிடைத்த இடங்களிலெல்லாம் நடந்தது இதுதான்.

முதலில் ஒரு விளக்கம். மெமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அதற்கு இரண்டு வேலை இருக்கு. கட்டி தட்டுப்பட்ட ஒருவருக்கு அது என்ன என்று அறிய எடுப்பது ஒன்று. எந்தக் குணங்குறியும் இல்லாமல் நல்லா நடமாடுகிற பெண்களை வயதுப்படி அழைத்து எடுப்பது மற்றது. இரண்டாவதைத்தான் ஸ்க்ரீனிங் என்கிறார்கள். முதலாவதில் ஆள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிறார். இரண்டாவதில் ஆஸ்பத்திரி ஆளைத் தேடி வருகிறது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான்.

படம் எடுத்தவர்கள்

1913இல் பெர்லினில் அல்பர்ட் சாலமன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், அறுவையில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்றுநோய் எப்படிப் பரவுகிறது, அது படத்தில் எப்படித் தெரிகிறது, எங்கே சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள் விழுகின்றன என்று எழுதி வைத்தார். அந்த வேலையை அவர் தொடர முடியவில்லை. அவர் யூதர். நாசிகள் வந்ததும் பதவி போனது, 1938இல் வதைமுகாமில் அடைத்தார்கள், விடுபட்டு நெதர்லாந்துக்குத் தப்பி உயிர் பிழைத்தார். அவருடைய மகள் தப்பவில்லை. ஓவிய வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்: சார்லொட் சாலமன். 1943இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26.

உயிரோடிருக்கும் பெண்களுக்கு இந்த எக்ஸ்ரேயை எடுத்து 1930இல் அறிக்கை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டாஃபர்ட் வாரன். மார்பகத்தை அழுத்திப் பிடித்தால் படம் தெளிவாகும் என்று 1950 வாக்கில் காட்டியவர் உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன். 1960 வாக்கில் ஹூஸ்டனில் ரொபர்ட் ஈகன் எந்த ஆஸ்பத்திரியிலும் திருப்பிச் செய்யக்கூடிய ஒரு முறையை ஒழுங்குபடுத்தினார். மார்பகத்துக்கென்றே தனி இயந்திரம் 1960களின் நடுவில் பிரான்ஸில் சார்ல் குரோவின் முயற்சியால் வந்தது.

இந்த ஐம்பது வருஷமும் படம் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஆனா யாருடைய உயிராவது இதனால் காப்பாற்றப்பட்டதா என்ற கேள்விக்கு எந்தப் படமும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் வேறொரு இடத்திலிருந்து வந்தது.

கூப்பிட்டவர்கள்

1963 டிசம்பரில் நியூயோர்க்கில் ஒரு பரிசோதனை ஆரம்பமானது. எச்.ஐ.பி. என்ற மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் இருந்த 40 முதல் 64 வயது வரையான சுமார் 62,000 பெண்களை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை வருஷா வருஷம் மெமோகிராமுக்கும் கைப்பரிசோதனைக்கும் அழைத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான மருத்துவம். நடத்தியவர்கள் மூன்று பேர்: புள்ளிவிபர வல்லுநர் சாம் ஷபிரோ, அறுவைச் சிகிச்சை நிபுணர் லூயி வெனே, கதிரியக்க நிபுணர் பிலிப் ஸ்ட்ராக்ஸ். ஸ்ட்ராக்ஸ் தன் மனைவியையே மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வரவே இல்லை. கணக்குப் போடும்போது அவர்களையும் அழைக்கப்பட்ட பக்கத்திலேயே சேர்த்தார்கள். அப்படியிருந்தும் அந்தப் பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 வீதம் குறைந்திருந்தது. ஸ்க்ரீனிங் உயிரைக் காக்கும் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. இதில் நம்ம கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு: அன்றைய படங்கள் இன்றைய அளவுக்குத் தெளிவில்லாதவை. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களில் கணிசமானவை கைக்கு மட்டும் தட்டுப்பட்டவை, படத்தில் தெரியாதவை. அதனால் பாராட்டை இயந்திரத்துக்கு மட்டும் கொடுக்க முடியாது.

பிறகு சுவீடன். 1977இல் லாஸ்லோ தாபார் குழு இரண்டு மாவட்டங்களில் மெமோகிராமை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு, 1985இல் மரணம் சுமார் 31 வீதம் குறைந்ததாக அறிவித்தது. அடுத்த வருஷம் பிரிட்டனில் ஃபொரஸ்ட் அறிக்கை வந்தது, 1988இல் அங்கே தேசியத் திட்டமே தொடங்கியது. வயதுப்படி பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்து, வீட்டுக்குக் கடிதம் அனுப்பி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள்.

சண்டையும் கூடவே வந்தது. 1980இல் தொடங்கிய கனடா ஆய்வில், 50களில் இருந்த பெண்களில் எல்லாருக்கும் வருஷா வருஷம் நல்ல கைப்பரிசோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு அதோடு மெமோகிராமும் எடுத்தார்கள். 25 வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் மரணத்தில் வித்தியாசம் இல்லை. படங்களின் தரம் சரியில்லை, ஆட்களைப் பிரித்த முறை சரியில்லை என்று அந்த ஆய்வைக் குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2012இல் மைக்கல் மார்மொட் தலைமையில் ஒரு குழு எல்லாக் கணக்கையும் மறுபடி பார்த்தது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 வருஷம் தொடர்ந்து அழைத்தால், 43 மரணங்கள் தவிர்க்கப்படும். ஆனா 129 பேருக்கு, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே கொடுத்திருக்காத ஒரு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, தேவையில்லாத சிகிச்சையும் நடக்கும் என்றது அது. அந்த 43 பேருக்காக இதைச் செய்யலாம் என்பதுதான் குழுவின் முடிவு. ஆனா 129ஐயும் பெண்களிடம் மறைக்காமல் சொல்லணும் என்றது.

பிங்க் பேனரில் இந்தக் கணக்கு வருவதில்லை. மெமோகிராம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது ஒரு மந்திரப் பெட்டி இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இள வயதில் மார்பகத் தசை அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டி மறைந்துவிடும் என்பதும் சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மலையில் முதல் ஸ்க்ரீனிங்

இனி நம்ம பக்கம் வருவோம். கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகிற பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவால்தான் போகும். வளாகத்தின் பிரதான வீதிக்கே கலஹா வீதி என்றுதான் பெயர். அந்தப் பக்கத்து மலையில் இருக்கும் லூல்கந்துராவில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து இந்த மலையில் பெண்களின் பெயர் தினமும் காலையில் பெரட்டில் கூப்பிடப்படுகிறது. எதற்காக என்றால், வேலைக்கு.

உடம்பைப் பார்ப்பதற்கும் கூப்பிட்டார்கள். அந்த வரலாறு கொஞ்சம் கசப்பானது. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் கோப்பித் தோட்டப் பகுதிகளுக்கு மருத்துவ அதிகாரிகளையும் ஆஸ்பத்திரிகளையும் கொண்டுவந்தது, செலவில் தோட்டக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஆள் செத்தால் வேலை நிற்கும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். அது தொற்று நோய் இங்கே வந்துவிடக்கூடாது என்பதற்காக.

1916இல் இன்னும் பெரிதாக ஒன்று நடந்தது. அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நோய் என்று யாரும் முறைப்பாடு சொல்லாமலே, லயம் லயமாக ஆட்களைப் பதிந்து, மலம் பரிசோதித்து, மருந்து கொடுத்தார்கள். இன்றைய அர்த்தத்தில் பார்த்தால் மலையகத் தோட்டங்கள் கண்ட முதல் பெரிய ஸ்க்ரீனிங் அதுதான். பரிசோதித்தவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் புழு இருந்தது. இரத்தச்சோகை குறைந்தால் ஆள் நல்லா வேலை செய்வார் என்பதுதான் துரைமாருக்குச் சொல்லப்பட்ட நியாயம். மருந்து கொடுத்தாகிவிட்டது. ஆனா புழு திரும்ப வராமல் இருக்க மலசலகூடம் கட்டணும், அதற்குப் பணம் வேணும். துரைமார் பலர் பின்வாங்கினார்கள். புழுவும் திரும்பி வந்தது.

இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கண்டுபிடிப்பது ஒரு பாதிதான். கண்டுபிடித்த பிறகு செலவழிக்க ஆள் இல்லாவிட்டால் ஸ்க்ரீனிங் என்பது வெறும் கணக்கெடுப்பு.

அந்த அனுபவத்திலிருந்து வேறொன்றும் பிறந்தது. அதே ரொக்ஃபெல்லர் உதவியோடு 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகப் போகிற மருத்துவ மாது என்ற முறை அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. நம்ம இன்று எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்வதன் வேர் அது. இலங்கையின் தாய் சேய் மரணம் குறைந்ததற்கு அந்த மருத்துவ மாதுக்கள் நடந்த நடை ஒரு பெரிய காரணம். தோட்டங்களோ நெடுங்காலம் அந்த வலைக்கு வெளியே இருந்தன. தோட்டத்துக்கு டிஸ்பென்சரி இருக்கு, கம்பனி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் நினைப்பு. 1948இல் பிரஜாவுரிமையும் போன பிறகு, யாரிடம் போய்க் கேட்பது?

முப்பத்தைந்து வயது

1996இல் இலங்கை சுகவனிதையர் கிளினிக்கைத் தொடங்கியது. பெயர் கொஞ்சம் பழைய தமிழ்தான். ஆனா அதன் பின்னாலிருந்த யோசனை புதிது. 1994இல் கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாடு, பெண்ணைப் பிள்ளை பெறுபவராக மட்டும் பார்க்காதீர்கள் என்று அரசுகளிடம் சொன்னது. அந்தக் காற்றில் வந்த திட்டம் இது. மருத்துவ மாதுவின் பதிவேட்டில் 35 வயதான பெண்களைப் பார்த்து அழைக்க வேண்டும், பிறகு 45 வயதும் சேர்ந்தது. பிரஷர், சீனி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை, கூடவே மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பது. எல்லாம் இலவசம்.

இதன் முக்கியத்துவத்தை நாங்கள் சரியாகப் பேசவில்லை என்று நினைக்கிறேன். அதுவரை மலையில் ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்ததெல்லாம் யாருக்காகவோ: வேலைக்காக, தொற்றுப் பரவாமல் இருக்க, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக. கர்ப்பிணி இல்லை, காய்ச்சல் இல்லை, கைக்குழந்தை இல்லை; இருந்தும் 35 வயதான காரணத்துக்காக ஒரு பெண்ணைக் கூப்பிடுவது அவருக்காக மட்டுமே கூப்பிடுவது. எங்க அம்மாமாருக்கு அது விளங்கவில்லை என்றால் ஆச்சரியமா? "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு கிளினிக்கு?" என்று கேட்பதை லயத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நோய் வந்தால் மட்டுமே கண்டுகொண்ட ஒரு அமைப்போடு நூற்றைம்பது வருஷம் பழகியதில் வந்த கேள்வி அது. ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் ஒண்ணும் இல்லாதபோதே பார்க்கணும் என்ற பதிலை யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்லணும்.

சரி, கைப்பரிசோதனை என்பது ஏழைகளுக்குக் கொடுக்கிற இரண்டாம் தரமா? "பணக்காரருக்கு மெமோகிராம், தோட்டத்தாருக்கு வெறும் கையா?" என்று கோபப்படுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனா நாடு முழுக்க எல்லாப் பெண்களையும் மெமோகிராமுக்கு அழைக்கிற திட்டம் இலங்கையில் யாருக்குமே இல்லை. கையைப் பற்றி நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சான்றும் இருக்கு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு அது. 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள், பெரும்பாலும் சேரிகளில் வாழ்பவர்கள். சில வாரப் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர்களைக் கையால் பரிசோதித்தார்கள். முடிவு 2021இல் வந்தது. நோய் முன்கூட்டிய கட்டத்திலேயே பிடிபட்டது. மொத்தமாக மரணம் 15 வீதம் குறைந்தது; ஆனா அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் கிட்டத்தட்ட 30 வீதம் குறைந்தது. 50க்குக் கீழே மரணத்தில் குறைவு தெரியவில்லை. முழு வெற்றி இல்லை. ஆனா கை என்பது சும்மா இல்லை.

இன்னொரு ஆய்வு இதற்கு எதிர்ப்பக்கம். ஷாங்காயில் துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்கள். நம்மைப் போலத் தொழிலாளர்கள். 1989 முதல் அவர்களில் பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை, அதாவது தாங்களே தங்கள் மார்பகத்தைத் தொட்டுப் பார்ப்பதை, நன்றாகக் கற்பித்தார்கள், திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள். 2002இல் வந்த முடிவு: மரணத்தில் வித்தியாசம் இல்லை. புற்றுநோய் இல்லாத கட்டிகளுக்கு பயொப்சி மட்டும் கூடியது. இதை வைத்து உங்கள் உடம்பைக் கவனிக்காதீர்கள் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒரு கட்டியோ, தோலில் குழியோ, காம்பில் மாற்றமோ தெரிந்தால் உடனே போய்க் காட்டத்தான் வேண்டும். ஆனா "நீயே பார்த்துக்கோ" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதையே ஒரு திட்டம் என்று யாரும் சொல்லக்கூடாது.

கூப்பிட்ட பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2021இல் மூன்று இலக்கு வைத்தது. நோயாளிகளில் 60 வீதத்துக்கும் அதிகமானோரை முதல் இரண்டு கட்டங்களில் கண்டுபிடிப்பது, வந்து காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, சிகிச்சை தொடங்கியவர்களில் 80 வீதம் பேராவது அதை முடிப்பது. இந்த மூன்றிலும் இயந்திரத்தின் பெயர் இல்லை. மூன்றுமே நாள் கணக்கும் ஆள் கணக்கும்.

அந்த 60 நாளைக் கலஹா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒருவரின் நாளாக எண்ணிப் பாருங்கள். கிளினிக் போன ஒரு நாள். கட்டி இருக்கு என்று கடிதம் தந்தால் கண்டிக்குப் போக ஒரு நாள். ஸ்கேனுக்கும் மெமோகிராமுக்கும் திகதி எடுத்து இன்னொரு நாள். பயொப்சிக்கு ஒரு நாள், ரிப்போர்ட் எடுக்க ஒரு நாள். பரிசோதனை இலவசம்தான். ஆனா ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது, பஸ் காசு போகிறது. வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேணும். கையில் இருக்கும் துண்டு அவர் வாசிக்கிற மொழியில் இருக்காது. நியூயோர்க்கில் கூப்பிட்டவர்களுக்கும் மும்பையில் கூப்பிட்டவர்களுக்கும் தெரிந்த விஷயம் இது: தொடர்ந்து போய்ப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆட்கள் நடுவழியில் நின்றுவிடுவார்கள்.

அதனால் ஒக்டோபரில் ஒரு நாள் மெமோகிராம் பஸ் வரணும் என்று கேட்பதைவிட, நம்ம கேட்க வேண்டியது வேறு என்று எனக்குப் படுகிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கிளினிக் போகிற நாளுக்கும், பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டால் அந்த நாட்களுக்கும் முழுப்பேர் போட வேண்டும். 1939இன் பிரசவ நன்மைகள் சட்டம் பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. தன் உடம்புக்காகப் போகிற பெண்ணுக்கும் அப்படி ஒன்று கேட்பதில் தவறில்லை. கிளினிக் தோட்டத்துக்கே வர வேண்டும். மார்பகத்தைப் பார்க்கத் தெரிந்த, தமிழ் பேசுகிற மருத்துவ மாதுக்கள் வேண்டும். அனுப்பும் கடிதமும் ரிப்போர்ட்டின் சாரமும் தமிழில் இருக்க வேண்டும். மெமோகிராம் இயந்திரமும் கட்டாயம் வேணும்: கை ஒரு கட்டியைக் கண்டதும் அது என்ன என்று சொல்ல, திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்காமல். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தப் பட்டியலும் மேசையில் இருக்கட்டும்.

கம்பஸில் இருக்கிற நாங்கள் செய்யக்கூடியது சின்னது, ஆனா இன்றைக்கே செய்யலாம். உங்கள் அம்மாவோ சித்தியோ அத்தையோ 35 தாண்டியிருந்தால், கிளினிக் எந்தக் கிழமை என்று எம்.ஓ.எச். ஒபிஸில் கேட்டு, அந்த நாளில் கூடவே போங்கள். கடிதம் தந்தால் வாசித்துச் சொல்லுங்கள். அடுத்த திகதியைப் போனில் குறித்து வையுங்கள். அந்த வேலையை அமைப்பு செய்யும் வரைக்கும், "கண்டுபிடித்தால்" என்ற சொல்லுக்கு எழுவாயாக அவரைத் தனியே நிறுத்திவிடாதீர்கள்.